"லீ கூடாதவரோ, ரீச்சர்?": அமெரிக்க உள்நாட்டுப் போரின் தலைவர்களைச் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பித்தல்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஆபிரகாம் லிங்கன் பழகிய பெயர். பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்கும் பந்திகளில் அவர் ஆண்டுதோறும் வருகிறார்: மரக்குடிலில் பிறந்தவர், இரவல் புத்தகம் வாங்கிக் கணப்பு வெளிச்சத்தில் படித்தவர், தோல்விக்கு மேல் தோல்வி கண்டும் சனாதிபதியானவர். தன் மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்த அதிபர் அறைகளை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தை லிங்கன்தான் எழுதினார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அவருடைய எழுத்துகளின் தொகுப்புகளிலும் அது கிடையாது. ஆயினும் அது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். 1861 முதல் 1865 வரை ஓர் உள்நாட்டுப் போரை முன்னின்று நடத்தியவர் அவர் என்பதும், அந்தப் போர் எதற்காக மூண்டது என்பதும் தெரியாது. போரைக் கழற்றி வைத்துவிட்டுத் தலைவரை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

தரம் 1 முதல் 5 வரையான ஆரம்பப் பிரிவில் வரலாறு தனிப் பாடமாக இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்குள் ஊர், கோயில், பண்டிகை, எமக்கு உதவுவோர் என்று கொஞ்சம் கொஞ்சமாக வரும். தரம் 6 இல்தான் வரலாற்றுப் புத்தகம் பிள்ளையின் பையில் ஏறுகிறது. அதற்கு முன்பே, தலைவர் என்ற சொல்லுக்குப் பிள்ளை வீட்டிலேயே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டுவிடுகிறது. எங்கள் ஊரில் அது இலேசான சொல் இல்லை. பல வீடுகளில் பெயர் சொல்லாமல் 'தலைவர்' என்றால் அது ஒருவரை மட்டுமே குறிக்கும். ஆசிரியர் கரும்பலகையில் 'தலைவர்கள்' என்று எழுதிவிட்டுத் திரும்பும் முன்னரே பிள்ளையின் மனதில் ஒரு முகம் வந்துவிடும். அடுத்த வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் அதே முகம் வரும், ஆனால் வேறு விதமாக. ஒரு வீட்டில் சாமியறைக்குப் பக்கத்தில் மாலை போட்ட படத்தில் மாமா இருக்கிறார். வன்னியில் இருந்து வந்த இன்னொரு வீட்டில், மாமாவைக் கட்டாயமாகக் கொண்டுபோன நாளை அம்மம்மா இன்றும் சொல்லி அழுகிறார். முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவிலிருந்து வரும் பிள்ளையின் வீட்டில், 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேறச் சொன்ன கதை இருக்கிறது. இன்னொரு பிள்ளையின் அப்பப்பா இந்திய அமைதிப்படைக் காலத்தில் வீதிக்குப் போய்த் திரும்பி வராதவர். நால்வரும் ஒரே வகுப்பில், ஒரே கொப்பியில், ஒரே தலைப்பை எழுதுகிறார்கள்.

இப்போது ஆரம்பப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் 2009 இற்குப் பின் பிறந்தவர்கள். பங்கருக்குள் இருந்தவர்களும், செல் சத்தத்தைக் கேட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லத் தெரிந்தவர்களும் படிப்பிக்கும் நாங்கள்தான். ஆகவே இந்தப் பாடத்தில் கை நடுங்குவது ஆசிரியருக்கே. ஒரு சொல் கூடிவிட்டால் பெற்றோர் கேட்பார்கள், வேறு யாரும் வந்து கேட்பார்கள் என்ற அச்சமும் உண்டு. பெரும்பாலும் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. பிள்ளைகள் முற்றத்தில் ஆமியும் இயக்கமும் விளையாடுவதைக் கண்டால் "மணி அடிச்சிட்டுது, உள்ள வாங்கோ" என்று கூப்பிடுவதோடு விட்டுவிடுகிறோம்.

இதனால்தான் தூரத்துப் போர் ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்று சில ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எவருக்கும் மாமா இல்லை. யார் வென்றார் என்று சொன்னாலும் எவர் முகமும் வாடாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அந்தப் போரை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று அமெரிக்கர்கள் ஒன்றரை நூற்றாண்டாகத் தங்களுக்குள் சண்டை பிடித்து வருகிறார்கள். அவர்கள் விட்ட பிழைகள் எல்லாம் அச்சில் கிடக்கின்றன. அதே பிழைகளை நாங்களும் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தப் பிழைகளில் பெரியது, காரணத்தைச் சொல்லாமல் தலைவர்களைச் சொன்னது. 1860 இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். அடிமை முறை புதிய நிலங்களுக்குப் பரவுவதை எதிர்த்த லிங்கன் அந்த ஆண்டு நவம்பரில் தேர்தலில் வென்றதும், டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. பின்னர் பிரிந்தவற்றையும் சேர்த்து 11 மாநிலங்கள் தனி அரசு அமைத்து, ஜெபர்சன் டேவிஸைத் தங்கள் சனாதிபதியாக்கின. ஏன் பிரிகிறோம் என்பதை அவர்கள் மறைக்கவும் இல்லை: மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முற்றாகப் பிணைந்தது என்று வெளிப்படையாகவே சொல்லியது. போர் தோற்ற பின்னர்தான் கதை மாறியது. மாநில உரிமைக்காகப் போராடினோம், எங்கள் தளபதிகள் மாசற்ற வீரர்கள் என்று ஒரு புதிய கதை எழுந்தது. 1894 இல் தென்பகுதிப் பெண்கள் அமைத்த சங்கமொன்று அந்தக் கதைக்கு ஒத்துவராத புத்தகங்களைப் பாடசாலைக்குள் விடாமல் பார்த்துக்கொண்டது. வேர்ஜீனியா மாநில அரசே ஆணைக்குழு அமைத்து எழுதுவித்து 1957 இல் வெளிவந்த பாடப்புத்தகங்கள், அடிமைகள் எசமான்களோடு மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்ற படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டின. 1970கள் வரை அவை வகுப்பறைகளில் இருந்தன. 2010 இல்கூட அதே மாநிலத்தின் 4ஆம் வகுப்புப் புத்தகம் ஒன்றில், ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர் தென்படையில் சேர்ந்து போரிட்டதாக ஒரு வரி வந்துவிட்டது. எழுதியவர் அதை இணையத்தில் எடுத்திருந்தார். அந்த வகுப்பில் படித்த பிள்ளை ஒன்றின் தாய் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தபடியால் பிழை வெளியே வந்தது. சிறு பிள்ளைகளின் புத்தகம்தானே என்று பெரியவர்கள் கவனமில்லாமல் இருப்பது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே.

அடிமை முறை என்றால் என்ன என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லப் பெரிய வார்த்தைகள் தேவையில்லை. அடிமையாகப் பிறந்து, பின்னர் அடிமை முறைக்கு எதிராகப் போராடிய பிரெட்ரிக் டக்ளஸின் குழந்தைப் பருவத்தை நான் சொல்வேன். அவருக்குத் தன் பிறந்த நாள் தெரியாது. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பிறந்த நாழிகை முதலாகக் குறிப்பு எழுதி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதருக்குத் தான் பிறந்த ஆண்டுகூடச் சரியாகத் தெரியாது என்பதைக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அவருடைய தாயை 12 மைல் தள்ளியிருந்த வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பகல் முழுதும் வயலில் நின்ற அந்தத் தாய், இரவில் நடந்து வந்து பிள்ளையைத் தன் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, விடியும் முன் திரும்பிப் போய்விடுவார். அப்படி வந்ததும் சில தடவைகள்தான். டக்ளஸுக்கு ஏழு வயதளவில் தாய் இறந்துபோனார். பின்னர் பால்ற்றிமோர் நகரில் வேலைக்கு நின்றபோது, அடிமைப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று எசமான் தடுத்ததால், தெருவில் கண்ட ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குப் பாண் துண்டுகளைக் கொடுத்து அவர்களிடம் எழுத்துக் கேட்டுப் படித்தார். பாணுக்குப் பதில் எழுத்து. இதைச் சொன்னபின் அடிமை முறை நல்லதா கெட்டதா என்று கேட்க வேண்டிய தேவை வருவதில்லை. போரின் காரணம் பிள்ளையின் கையில் வந்துவிடுகிறது. இனித் தலைவர்களைப் பற்றிப் பேசலாம்.

தலைவர்களைச் சொல்லும்போது எங்கள் ஆசிரியர்கள் வழக்கமாகப் பிடிக்கும் வழி, பிறந்த திகதி, பெற்றோர், படிப்பு, பதவி, மறைவு என்று ஒரு பந்தி எழுதிக் கொடுப்பது. பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தப் பந்தியில் தலைவர் பிறக்கிறார், இறக்கிறார், நடுவில் ஒன்றும் தீர்மானிப்பதில்லை. ஒருவரைத் தலைவராக்குவது அவர் எடுத்த முடிவு. அந்த முடிவின் விலையைச் செலுத்துவது மற்றவர்கள். ஆகவே நான் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரேயொரு முடிவை எடுத்துக்கொள்வேன். அவர் முன் என்னென்ன வழிகள் இருந்தன, எதைத் தெரிந்தெடுத்தார், அதனால் யாருக்கு என்ன ஆனது என்று மூன்று கேள்விகள் கேட்பேன். நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியைப் பிள்ளைகள் தாமாகவே கேட்பார்கள். அதைத் தடுக்கக் கூடாது, உடனே பதில் சொல்லவும் கூடாது.

ரொபேட் லீயை எடுத்துக்கொள்வோம். 32 ஆண்டுகள் அமெரிக்கப் படையில் இருந்தவர். 1861 ஏப்ரல் 18 அன்று, லிங்கன் அரசின் சார்பில், பெரும் படையொன்றின் தலைமையை ஏற்கும்படி அவரிடம் கேட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் அவருடைய சொந்த மாநிலமான வேர்ஜீனியா பிரிவதற்கு வாக்களித்திருந்தது. அவர் அந்தப் பதவியை ஏற்கவில்லை. இரண்டு நாளில் படையிலிருந்து விலகி, பின்னர் மறுபக்கத்தின் பெருந்தளபதியானார். இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "நீங்கள் லீயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் "சொந்த ஊர்ப் பக்கம்தான் நிப்பன்" என்று சொல்லும். எனக்கு அது வியப்பாக இருந்ததில்லை. ஊர் என்ற சொல் எங்கள் வீடுகளில் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அங்கேயே விட்டுவிட்டால், லீக்கு வேறு வழி இருக்கவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அது உண்மையில்லை. ஜோர்ஜ் தோமஸ் என்ற இன்னொரு தளபதியும் வேர்ஜீனியாக்காரர்தான். அவர் லிங்கனின் பக்கத்திலேயே நின்றார். அதற்காகச் சொந்தச் சகோதரிகளே அவரை ஒதுக்கி வைத்தார்கள். ஒரே மாநிலம், ஒரே படை, ஒரே மாதம், இரண்டு முடிவுகள். லீ தன் ஊரைக் காத்தார் என்று சொல்வதோடு, அந்த ஊர் எதைக் காத்தது என்பதையும் சொல்ல வேண்டும்: அவருடைய ஆர்லிங்டன் வீட்டிலும் அடிமைகள் வேலை செய்தார்கள். அந்த வீட்டு வளவைத்தான் 1864 இல் அரசு இராணுவ மயானமாக்கியது, இன்றும் அது மயானம்தான். அங்கே வீட்டு வளவு துயிலிடமானது. இங்கே கோப்பாயில், போரில் இறந்த இயக்கத்தினரின் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் இராணுவ முகாம் எழுந்தது. இதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை. ஆர்லிங்டனைப் பற்றிப் படிப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் என் மனதில் அது வந்து போவதால் இங்கே எழுதுகிறேன்.

தோமஸின் கதையைச் சொல்லி முடித்த ஒரு நாள், முன்வாங்கில் இருந்த தரம் 4 பிள்ளை ஒன்று எழும்பி, "அப்ப லீ கூடாதவரோ, ரீச்சர்?" என்று கேட்டது. நான் திருப்பி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். பிள்ளை யோசித்து, "அவர் கூடாதவர் இல்லை, அவர் நிண்ட பக்கம் கூடாது" என்றது. பின்னால் இருந்த இன்னொன்று, "தெரிஞ்சுகொண்டு நிண்டா அவரும் கூடாதவர்தானே" என்றது. பெரியவர்களின் கருத்தரங்கு ஒன்றில் இதைவிடத் தெளிவாக இந்த விடயம் பேசப்பட்டதை நான் கேட்டதில்லை. இரண்டையும் கரும்பலகையில் எழுதி வைத்தேன். எது சரி என்று அன்றைக்குச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொன்னேன்: அடிமை முறை சரியா பிழையா என்பதில் இரண்டு பக்கம் இல்லை. மனிதரைப் பற்றி வாதாடலாம், மனிதரை விற்பதைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. நடுநிலை என்ற பெயரில் இந்த வேறுபாட்டை மழுங்கடிப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வென்ற பக்கத்துத் தலைவரையும் இதே மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வெற்றியையே நீதி என்று எடுத்துக்கொள்ளும். பதவியேற்ற நாளில் லிங்கன், அடிமை முறை ஏற்கெனவே உள்ள மாநிலங்களில் அதில் கை வைக்கப் போவதில்லை என்று சொன்னவர். 1863 ஜனவரி 1 அன்று அவர் வெளியிட்ட விடுதலைப் பிரகடனமும், கிளர்ந்தெழுந்த பகுதிகளில் இருந்தவர்களை மட்டுமே விடுவித்தது. தன் பக்கத்திலேயே நின்ற, அடிமை முறை வைத்திருந்த மாநிலங்களை அது தொடவில்லை. நாடு முழுதும் அடிமை முறையை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது 1865 டிசம்பரில், அவர் சுட்டுக் கொல்லப்பட்டு எட்டு மாதங்களின் பின். அவரை மாற்றியவர்களில் டக்ளஸும் ஒருவர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர், கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டொலர், அதிலும் உடைக்கென்று 3 டொலர் கழிவு. இந்த அநீதியை டக்ளஸ் 1863 ஓகஸ்ட்டில் வெள்ளை மாளிகைக்கே போய் லிங்கனிடம் எடுத்துச் சொன்னார். சம்பளத்தைச் சமமாக்கும் சட்டம் மறு ஆண்டு வந்தது. 13 இலிருந்து 10 ஐயும், பிறகு 10 இலிருந்து 3 ஐயும் கழிக்கும் கணக்கைத் தரம் 3 பிள்ளையும் செய்யும், செய்துவிட்டு "ஏன்?" என்று கேட்கும்.

மனம் மாறுவது தலைவருக்கு இழுக்கில்லை என்பதைக் காட்ட எனக்குப் பிடித்த இன்னொரு சம்பவம் உண்டு. 1860 ஒக்டோபரில் நியூயோர்க் மாநிலத்தின் வெஸ்ற்பீல்ட் என்ற ஊரிலிருந்து 11 வயதுச் சிறுமி கிறேஸ் பெடெல், உங்கள் முகம் மிகவும் மெலிந்திருக்கிறது, தாடி வளர்த்தால் நன்றாயிருக்கும், பெண்கள் தங்கள் கணவன்மாரை உங்களுக்கு வாக்களிக்கச் சொல்வார்கள் என்று லிங்கனுக்கு எழுதினாள். சில நாட்களிலேயே அவர் பதில் எழுதினார். பதவியேற்கப் போகும் வழியில் தாடியோடு அந்த ஊரில் இறங்கி அவளைத் தேடிச் சந்தித்தார். பெண்கள் ஏன் தாங்களே வாக்களிக்காமல் கணவன்மாரைக் கேட்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அங்கிருந்து இன்னொரு பாடம் திறக்கும். அதிபர் அறையில் தொங்கும் சான்றில்லாத கடிதத்தை இறக்கிவிட்டு, சான்றுள்ள இந்தக் கடிதத்தை மாட்டலாம்.

பதவி இல்லாதவர்களையும் தலைவர்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். 1862 மே மாதம், சார்ள்ஸ்ரன் துறைமுகத்தில் அடிமையாக வேலை செய்த ரொபேட் சிமோல்ஸ், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிய இரவில், கப்பித்தானின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மனைவி பிள்ளைகளையும் மற்றக் குடும்பங்களையும் ஏற்றி, சரியான சைகை ஒலிகளைக் கொடுத்தபடி கோட்டைகளைக் கடந்து தென்படையின் கப்பலை லிங்கன் பக்கத்துக் கடற்படையிடம் கொண்டுபோனார். கடலோரப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஹரியட் டப்மன் அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர். தப்பிய பின்னும் 13 தடவைகள் வரை திரும்பிப் போய் ஏறத்தாழ 70 பேரைக் கூட்டி வந்தார். 1863 யூனில் தென் கரோலினாவின் ஆற்றங்கரையொன்றில் நடந்த படை நடவடிக்கைக்கு வழிகாட்டி, ஒரே இரவில் 700 இற்கும் மேற்பட்டோர் விடுதலையாக உதவினார். குதிரையில் ஏறிய ஆண்களின் படங்களை மட்டும் சுவரில் ஒட்டினால், வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தலைமை வேறு யாருடையதோ ஆகிவிடும்.

போரின் முடிவைப் படிப்பிக்கும் நாளுக்கு நான் அதிக நேரம் ஒதுக்குவேன், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் மிக நெருங்கி வந்து கேட்கும் பகுதி அதுதான். வில்மர் மக்லீன் என்ற சீனி வியாபாரி ஒருவர் இருந்தார். 1861 யூலையில், போரின் முதல் பெரிய மோதல் அவருடைய ஊரில் நடந்தது. அவர் வீட்டைப் படையினர் எடுத்துக்கொண்டார்கள், அடுப்படிப் பக்கத்தில் செல் விழுந்தது. வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு சண்டைக்கும் தூர இருக்கலாம் என்று குடும்பத்தோடு 120 மைல் தள்ளி, அப்பொமாற்றக்ஸ் என்ற அமைதியான ஊருக்குப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் அளவு தூரம். 1865 ஏப்ரல் 9 அன்று, லீ சரணடைவதற்கு ஓர் இடம் தேடியபோது கிடைத்தது மக்லீனின் வீடு. போர் அவரைத் தேடிப் போய் அவருடைய வரவேற்பறையில் முடிந்தது. "ரீச்சர், அவையும் இடம்பெயர்ந்தவையோ?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது, ஓம் என்றேன். பிறகு, அவர்கள் வீட்டுக்குப் பின்னால் அடிமைகளின் குடிசைகளும் இருந்தன என்பதையும் சொன்னேன். இரண்டையும் பிள்ளை கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

அந்த அறைக்குள் லீ புதுச் சீருடையும் அழகான வாளுமாக வந்தார். வென்ற தளபதி கிராண்ட் சேறு படிந்த சப்பாத்தோடும் சாதாரணச் சிப்பாயின் மேற்சட்டையோடும் வந்தார். கிராண்ட் கொடுத்த நிபந்தனைகள் சுருக்கமானவை: ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம், சொந்தக் குதிரை வைத்திருப்பவர் விதைப்புக்கு அதைக் கொண்டுபோகலாம். பசித்திருந்த லீயின் படைக்கு 25,000 பேருக்கான உணவு கொடுக்கச் சொன்னார். தன் படையினர் வெடி கொளுத்திக் கொண்டாடத் தொடங்கியதும் அதை நிறுத்தச் சொன்னார். அவர்கள் இனி எங்கள் நாட்டவர் என்றார். 20 ஆண்டுகளின் பின் வெளிவந்த தன் நினைவுக்குறிப்புகளில், நீண்ட காலம் வீரமாகப் போரிட்ட எதிரியின் வீழ்ச்சி தன்னை வருத்தியது என்றும், ஆனால் அவர்கள் போரிட்ட நோக்கம் மனிதர் எவரும் போரிட்டவற்றுள் மிகக் கெட்டவற்றில் ஒன்று என்றும் ஒரே மூச்சில் எழுதினார். அந்தப் பந்தியை நான் ஆசிரியர்களின் பயிற்சி வகுப்பில்தான் வாசித்துக் காட்டுவேன். எதிரியின் துயரத்தை மதிப்பதும் காரணத்தை மறவாதிருப்பதும் ஒருவருக்குள் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், 2009 மே மாதத்தில் தெற்கிலிருந்து தொலைக்காட்சியில் கேட்ட வெடிச் சத்தத்தை நினைத்தேன் என்று மட்டும் சொன்னார்.

பிள்ளைகளுக்கு அந்த அறையில் பிடித்தது வேறொன்று. மக்லீனின் சிறிய மகள் லூலாவின் துணிப்பொம்மை அங்கே கிடந்தது. சரணடைவு முடிந்ததும் அதிகாரிகள் மேசை, கதிரை என்று அறையிலிருந்ததை நினைவுப் பொருளாக அள்ளிக்கொண்டு போக, பொம்மையையும் ஒருவர் கொண்டுபோய்விட்டார். நூறாண்டுக்கு மேல் அந்தக் குடும்பத்தில் இருந்து, இப்போது அது திரும்பி வந்து அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லூலாவுக்குப் பொம்மை திரும்பக் கிடைக்கவில்லை. லூலாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்றால், ஒரு பக்கம் எழுத அலுக்கும் பிள்ளைகளும் இரண்டு பக்கம் எழுதும்.

செய்யக் கூடாதவை சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். அடிமைச் சந்தை, சண்டைக்களம் போன்றவற்றைப் பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டக் கூடாது. அமெரிக்கப் பாடசாலைகளில் அப்படிச் செய்து பிள்ளைகள் புண்பட்ட கதைகள் நிறைய உண்டு. வெடிச் சத்தம் உள்ள காணொளிகள் வேண்டாம், வகுப்பறைச் சுவருக்கு அப்பால் யார் இருந்து கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. இறந்தோர் தொகையைச் சொல்வதானால் பிள்ளைக்குப் பிடிபடும் அளவில் சொல்ல வேண்டும்: அந்தப் போரில் இறந்த படையினர் 6 இலட்சத்து 20 ஆயிரம் என்று நெடுங்காலம் கணக்கிட்டார்கள், பிந்திய கணிப்புகள் அதை 7½ இலட்சம் வரை கொண்டுபோகின்றன. 2012 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் முழுச் சனத்தொகை 5 இலட்சத்து 83 ஆயிரம் அளவில்தான்.

இந்தப் பழக்கம் வந்த பின், எங்கள் நாட்டுத் தலைவர்களிடம் வருவது அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. நான் முதலில் எடுப்பது எல்லாளன், துட்டகைமுனு கதையை. பெரிய வகுப்புகளில் இது தமிழ் மன்னனும் சிங்கள மன்னனும் பொருதிய கதையாக மட்டுமே பிள்ளையின் மனதில் நிற்கும். ஆனால் மகாவம்சமே எல்லாளன் 44 ஆண்டுகள் நண்பர், பகைவர் என்று பாராமல் நீதியோடு ஆண்டான் என்கிறது. அவனை வென்ற துட்டகைமுனு, எல்லாளன் விழுந்த இடத்தில் நினைவிடம் எழுப்பி, அந்த வழியால் போகிறவர்கள் மேளதாளத்தை நிறுத்திப் போக வேண்டும் என்று கட்டளையிட்டான் என்றும் அதே நூல் சொல்கிறது. கிராண்டை அறிந்த பிள்ளை இந்த இடத்தில் உடனே நிமிர்ந்து உட்காரும். வெடியை நிறுத்தச் சொன்னவரும் மேளத்தை நிறுத்தச் சொன்னவரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

சிலைகளைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். ரிச்மண்ட் நகரில் 1890 இல் எழுப்பிய லீயின் பெரிய சிலையை 2021 செப்டம்பரில் இறக்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி ஓர் இரவில் இடிக்கப்பட்டு, சில மாதங்களில் திரும்பக் கட்டப்பட்டது. இரண்டும் ஒன்றில்லை: ஒன்று போரை நடத்திய தளபதியின் சிலை, மற்றது இறந்தவர்களுக்கான தூபி. இந்த வேறுபாட்டைத் தரம் 5 பிள்ளை தானே கண்டுபிடிக்கும், ஆசிரியர் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் காலத்துப் போரைப் பொறுத்தவரை, ஆரம்பப் பிரிவில் நான் தலைவர்களிடம் போவதில்லை. அவர்களுடைய முடிவுகளை மூன்று கேள்விகளால் கேட்கும் நாள் இந்தப் பிள்ளைகளுக்கு வரும். அப்போது எல்லாப் பக்கத்துத் தலைவர்களையும் அவர்கள் கேட்க வேண்டும், விலையைச் செலுத்தியவர்களின் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும். அதற்கு முன் அந்த விலை யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே வீட்டுக் கதைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். வகுப்பின் சுவர் நீளத்துக்குக் கயிறு ஒன்று கட்டி, ஒரு முழத்துக்குப் பத்து ஆண்டு என்று 1860 இலிருந்து இன்று வரை முடிச்சுப் போட்டு வைத்திருப்பேன். லிங்கன், லீ, டப்மன், லூலாவின் பொம்மை எல்லாம் முதல் முழத்திலேயே நெருக்கியடித்துத் தொங்கும். பிறகு அந்த முனையில், வீட்டில் கேட்டு வந்த கதைகளின் அட்டைகளைப் பிள்ளைகள் தொங்கவிடுவார்கள். "1995 ஒக்டோபர் 30. அம்மம்மா. மழை. சாவகச்சேரிக்கு நடை." "1990. வாப்பும்மா. புத்தளம்." அட்டையில் இவ்வளவுதான் எழுதச் சொல்வேன்.

சென்ற முறை, எல்லோரும் அட்டைகளைத் தொங்கவிட்டு முடிந்ததும், எப்போதும் பேசாத ஒரு பெடியன் எழும்பிப் போய், அமெரிக்கப் போரின் முதல் ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் விரலை வைத்துப் பார்த்தான். ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டது. பிறகு கயிற்றின் மறுமுனைக்குப் போய், "எங்கட சண்டை எங்க துவங்கினது, ரீச்சர்?" என்று கேட்டான். 1983 ஐக் காட்டினேன். அவன் அங்கே முழங்கையை வைத்து 2009 வரை அளந்துகொண்டு போனான். இரண்டு முழமும், ஒரு சாணும், கொஞ்சமும் வந்தது. மற்றப் பிள்ளைகளும் எழும்பி வந்து, தங்கள் தங்கள் கையால் ஒவ்வொருவராக அளந்து பார்த்தார்கள்.